கடல் தாண்டி வந்த பெண்கள் – 7: பத்தாயிரம் ரூபாய் ஜாமீன்

சென்ற வாரம் அன்னி பெசன்ட் அம்மையாரை லண்டனில் விட்டோம். 1888இல் அவர் நடத்திய அரை பென்னி வாரப் பத்திரிகை 'தி லிங்க்', பிரையன்ட் அண்ட் மே தீப்பெட்டித் தொழிற்சாலைப் பெண்களின் நிலையை எழுதியது. கால் அழுக்காக இருந்தால்கூட மூன்று பென்ஸ் அபராதம் பிடித்தார்கள். கட்டுரை வந்த சில நாள்களில் சுமார் 1,400 பேர் வேலையை நிறுத்தி வெளியேறினார்கள். பத்திரிகையால் என்ன செய்ய முடியும் என்பதைக் கண்ணால் பார்த்தவர் அவர்.

அவர் 1893 நவம்பரில் கொழும்பிலிருந்து தூத்துக்குடியில் வந்து இறங்கினார். பிரம்மஞான சபைக்காகத்தான் வந்தார். ஆனால் 1914இல், அறுபத்தாறு வயதில், மீண்டும் பத்திரிகை முதலாளி ஆனார். ஜனவரியில் 'காமன்வீல்' வார இதழைத் தொடங்கினார். சில மாதங்களில் 'மெட்ராஸ் ஸ்டாண்டர்ட்' நாளிதழை விலைக்கு வாங்கி, 'நியூ இந்தியா' என்று பெயர் மாற்றினார். அதுவே இந்தியாவுக்குத் தன்னாட்சி கேட்ட ஹோம் ரூல் இயக்கத்தின் குரலாயிற்று.

காரைக்கால் தருமபுரத்தில் உட்கார்ந்து இதை எழுதும்போது எல்லையை மறக்க முடியவில்லை. அன்று இது பிரெஞ்சு மண். பிரிட்டிஷ் இந்தியாவின் 1910ஆம் ஆண்டுப் பத்திரிகைச் சட்டம் இங்கே செல்லாது. பிரிட்டிஷ் போலீசுக்குத் தப்பி 1908இல் புதுச்சேரிக்குப் போன பாரதியார், அங்கிருந்து 'இந்தியா'வை நடத்தினார். அதைப் பிரிட்டிஷ் பகுதிக்குள் வரவிடாமல் தடுத்தார்கள். 1910இல் பத்திரிகை நின்றது. ஆளுக்குப் பாதுகாப்பு கிடைத்தது, வாசகர்கள் கைவிட்டுப் போனார்கள்.

பெசன்ட் சென்னையிலேயே நின்று சட்டத்தோடு மல்லுக்கட்டினார். அந்தச் சட்டம் ஜெயிலைவிட அச்சகத்தைத்தான் குறிவைத்தது. அச்சகம் வைத்திருப்பவரிடம் முதலில் இரண்டாயிரம் ரூபாய் வரை ஜாமீன் கேட்கலாம். எழுத்து பிடிக்காவிட்டால் அதைப் பறிமுதல் செய்யலாம். அச்சகம் மறுபடி ஓட வேண்டுமானால் பத்தாயிரம் வரை புது ஜாமீன். அதுவும் போனால் அச்சு இயந்திரமே போய்விடும். சின்ன முதலாளிகள் முதல் படியிலேயே கடையைச் சாத்தினார்கள்.

1916 மே மாதம் பெசன்டிடம் 2,000 ரூபாய் கேட்டார்கள். ஆகஸ்டில் அது பறிபோயிற்று. அடுத்துக் கேட்டது உச்சவரம்பான 10,000. அவர் அதையும் கட்டிவிட்டுப் பத்திரிகையை நடத்தினார். ஹைகோர்ட்டில் வழக்கும் போட்டார். தோற்றார். 1919இல் பிரிவி கவுன்சிலிலும் தோற்றார். ஆனால் சட்டம் எப்படிக் கழுத்தை நெரிக்கிறது என்பது வழக்கு நடந்ததால் ஊரறிய அம்பலமாயிற்று. என் மதிப்பில் பத்திரிகையாளராக அவருடைய மிகப் பெரிய சாதனை இதுதான்.

வெள்ளைக்காரப் பெண் என்பதும் அவருக்குத் துணை நின்றது. இதைச் சொல்லாமல் விடக் கூடாது. வ.உ.சி.க்குச் செக்கு, பெசன்டுக்கு 1917 ஜூனில் ஊட்டி பங்களாவில் காவல். அங்கே தோட்டத்தில் ஹோம் ரூல் கொடியை ஏற்றினார். செப்டம்பரில் விடுதலை, டிசம்பரில் கல்கத்தா காங்கிரசின் தலைமை. அந்தப் பதவிக்கு வந்த முதல் பெண் அவர்.

எதிர்ப்பும் இங்கேயே முளைத்தது. பிராமணரல்லாதார் தரப்பைச் சொல்ல 1917இல் 'ஜஸ்டிஸ்' நாளிதழ் பிறந்தது. அதன் ஆசிரியர் டி.எம். நாயர் பெசன்டை விடாமல் சாடினார். அந்தத் தரப்பின் கேள்விகளில் நியாயம் இருந்தது. 1919இல் நாடு காந்தியின் பக்கம் திரும்பியபோது பெசன்ட் சத்தியாக்கிரகத்தை எதிர்த்தார். கல்லெறியும் கூட்டத்தைச் சுடுவது தவறில்லை என்ற பொருள்பட எழுதினார். ஜாமீன் பறிபோனபோதும் அசையாத வாசகர்கள் அதன்பின் அவரைவிட்டு விலகினார்கள்.

'நியூ இந்தியா'வில் வேலை பார்க்க 1915இல் அயர்லாந்திலிருந்து ஜேம்ஸ் கசின்ஸ் வந்தார். மறு ஆண்டு டப்ளின் எழுச்சியைப் புகழ்ந்து எழுதியதால் வேலையை இழந்தார். அவரோடு வந்த மனைவி மார்கரெட், அடையாறிலிருந்து பெண்களுக்காக ஒரு பத்திரிகை வர உழைத்தார். அதன் பெயர் 'ஸ்திரீ தர்மா'. அடுத்த வாரம் அவர் கதை.

(தொடரும்)