டயப்பர் கணக்கில் விழுந்த சாட்டையடி

டயப்பருக்குச் சீசன் கிடையாது. கைக்குழந்தைகள் ஆடியிலும் நனைப்பார்கள், ஆவணியிலும் நனைப்பார்கள். ஆனாலும், அமெரிக்காவின் பிராக்டர் அண்டு கேம்பிள் நிறுவனம் தன் 'பாம்பர்ஸ்' ஆர்டர் கணக்குகளைப் புரட்டியபோது திகைத்துப்போனது. கடைகளில் விற்பனை லேசாகத்தான் ஏறி இறங்கியது. விநியோகஸ்தர்களின் ஆர்டர்களோ தாறுமாறாகக் குதித்தன. மூலப்பொருளுக்காக அந்நிறுவனமே போட்ட ஆர்டர்களில் ஆட்டம் இன்னும் அதிகம்.

பிடியில் சிறு அசைவு, நுனியில் பெரும் வீச்சு. இதற்குச் 'சாட்டை விளைவு' என்று பெயர்.

இதில் யாரும் முட்டாள் அல்ல என்று 1997-இல் விளக்கினார்கள் ஹாவ் லீ, பத்மநாபன், வாங் ஆகிய ஆய்வாளர்கள். வாரம் 100 பெட்டி விற்கும் கடையில் ஒரு வாரம் 110 போகிறது என்று வைத்துக்கொள்வோம். எதற்கும் இருக்கட்டும் என்று கடைக்காரர் 120 கேட்கிறார். அதையே மக்களின் தேவை என்று நம்பும் விநியோகஸ்தர், தன் பங்குக்கும் கொஞ்சம் சேர்த்து 140 கேட்கிறார். ஆலை 160 தயாரிக்கிறது. அடுத்த வாரம் விற்பனை பழையபடி 100. எல்லாக் கிடங்கிலும் சரக்கு தேங்க, ஆர்டர் சட்டென்று நின்றுபோகிறது. தள்ளுபடிக் காலத்தில் மொத்தமாக வாங்கிக் குவிப்பதும், தட்டுப்பாடு வரும் என்று பயந்து கூட்டிக் கேட்பதும் இந்த ஆட்டத்தை வளர்க்கின்றன.

எவ்வளவு விற்கும், சரக்கு எப்போது வரும்? இந்த இரண்டும் உறுதியாகத் தெரியாததால்தான் 'பாதுகாப்பு இருப்பு', அதாவது எதற்கும் இருக்கட்டும் என்று கூடுதலாக வைக்கும் சரக்கு, தேவைப்படுகிறது. விற்பனையின் ஏற்ற இறக்கம் மாறாமல், சரக்கு வந்துசேரும் காலம் மட்டும் 4 வாரத்திலிருந்து 1 வாரமாகக் குறைந்தால், தேவையான பாதுகாப்பு இருப்பு ஏறக்குறையப் பாதியாகிவிடும்.

1980-களின் பிற்பகுதியில் வால்மார்ட்டும் பிராக்டர் அண்டு கேம்பிளும் கைகோத்தன. கடையின் விற்பனை விவரம் நேராக உற்பத்தியாளருக்குப் போனது. எப்போது, எவ்வளவு அனுப்புவது என்பதை பிராக்டர் அண்டு கேம்பிளே முடிவு செய்தது. இடையில் ஊகத்துக்கு வேலை குறைந்தது.

ஆனால், விற்பனைக் கணக்கு நிலநடுக்கத்தை முன்கூட்டிச் சொல்லாது. குறைந்த கையிருப்புக்குப் பேர்போன டொயோட்டா, 2011 மார்ச்சில் ஜப்பானைத் தாக்கிய பேரிடருக்குப் பிறகு, தன் சப்ளையர்களுக்குச் சரக்குக் கொடுப்பவர்கள் யார் யார் என்பதுவரை தேடிப் பட்டியலிட்டது. மாற்று வழி சட்டென்று கிடைக்காத சிப்களை 2 முதல் 6 மாதத் தேவைக்குக் கையிருப்பில் வைக்கும்படி சப்ளையர்களைக் கேட்டுக்கொண்டது. 2021-இன் தொடக்கத்தில் சிப் இல்லாமல் போட்டி நிறுவனங்கள் உற்பத்தியைக் குறைத்தபோது, டொயோட்டா பெரிய பாதிப்பின்றித் தாக்குப்பிடித்தது. தென்கிழக்கு ஆசியாவில் கொரோனா பரவி உதிரிபாக ஆலைகள் முடங்கியபோது, அந்தக் கையிருப்பும் போதவில்லை. அந்த ஆண்டு செப்டம்பருக்குத் திட்டமிட்டிருந்த உலகளாவிய உற்பத்தியில் 40 சதவீதத்தை அது வெட்ட வேண்டியதாயிற்று.