நௌரு தீவும் அதன் பாஸ்பேட் செல்வமும்

பயிர்களுக்கு இன்றியமையாத மூவகைச் சத்துக்களுள் மணிச்சத்து ஒன்றாகும். வேர் ஊன்றுவதற்கும் கதிர் முற்றி மணி திரள்வதற்கும் இதுவே ஆதாரம். ஆண்டுதோறும் தானியத்தோடு நிலத்தை விட்டு நீங்கும் இச்சத்தை ஈடு செய்யவே சூப்பர் பாஸ்பேட் முதலிய உரங்கள் இடப்படுகின்றன. பாஸ்பேட் பாறையைப் பொடி செய்து கந்தக அமிலத்துடன் சேர்த்தே சூப்பர் பாஸ்பேட் தயாரிக்கப்படுகின்றது. இராணிப்பேட்டையில் 1906-ம் ஆண்டிலேயே இதற்கெனத் தொழிற்சாலை ஏற்பட்டது. தழைச்சத்தைக் காற்றினின்றும் பெறலாம். மணிச்சத்தின் மூலப்பொருளையோ பூமியைத் தோண்டியே எடுத்தல் வேண்டும். அங்ஙனம் தோண்டப்பட்ட ஒரு சிறு தீவின் வரலாறு நிலமுடையோர் யாவரும் அறியத் தக்கது.

தீவின் அமைப்பு

பசிபிக் மகாசமுத்திரத்தின் நடுவே, பூமத்திய ரேகைக்குச் சற்றுத் தெற்கே நௌரு தீவு உள்ளது. இதன் பரப்பு சுமார் 21 சதுர கிலோ மீட்டர், அதாவது ஏறக்குறைய 5,200 ஏக்கரே. நம் நாட்டில் பெரிய வருவாய்க் கிராமம் ஒன்றின் அளவே இது எனலாம். மிக அருகிலுள்ள பனாபா தீவும் கிழக்கே சுமார் 300 கிலோ மீட்டர் தூரத்தில் இருக்கின்றது.

பவளப் பூச்சிகள் கட்டிய சுண்ணாம்புப் பாறை கடல் மட்டத்திற்கு மேல் உயர்ந்ததனால் இத்தீவு உண்டாயிற்று. கரையைச் சுற்றிலும் குறுகிய வளமான நிலம் மோதிரம்போல் அமைந்துள்ளது. தென்னை, தாழை, வாழை, ஈரப்பலா ஆகியவை இங்கே வளர்கின்றன. அதற்கு உட்புறம் 200 அடிக்கு மேலும் உயர்ந்த மேட்டு நிலம், தீவின் பரப்பில் ஐந்தில் நான்கு பங்காகப் பரவியுள்ளது. ஆறோ ஓடையோ கிடையாது. புவாடா என்னும் சிறு ஏரி மாத்திரம் உண்டு. மழை ஆண்டுக்குச் சராசரி 80 அங்குலம் வரை பெய்யினும், சில ஆண்டுகளில் பெரிதும் பொய்த்து விடுவதும் உண்டு.

செல்வம் தோன்றிய விதம்

மேட்டு நிலத்துப் பவளப் பாறைகளின் இடுக்குகளில் பாஸ்பேட் மண் நிரம்பியிருந்தது. பன்னெடுங்காலம் தங்கிய கடற்பறவைகளின் எச்சம் சுண்ணாம்புடன் கலந்து இங்ஙனம் மாறியது என்பது பொதுவாக வழங்கும் கருத்து. இதன் அருமை நெடுநாள் அறியப்படவில்லை. நௌருவிலிருந்து வந்த கல் ஒன்று, சிட்னி நகரத்துக் கம்பெனி அலுவலகமொன்றில் கதவு மூடாதபடி முட்டுக்கொடுக்கப் பயன்பட்டு வந்தது. அதனை மரக்கல் என்றே எண்ணியிருந்தனர். 1899-ம் ஆண்டில் ஆல்பர்ட் எல்லிஸ் என்பார் ஐயுற்று அதனைச் சோதிக்க, அது மிக உயர்ந்த ரகப் பாஸ்பேட் என்று வெளிப்பட்டது.

அக்காலத்தில் தீவு ஜெர்மனியின் ஆட்சியில் இருந்தது. 1906-ல் தோண்டும் வேலை தொடங்கிற்று. முதல் உலக யுத்தத்திற்குப் பின் பிரிட்டன், ஆஸ்திரேலியா, நியூஸிலாந்து ஆகிய மூன்று தேசங்களும் கூட்டாக இதனை நடத்தின. கரையையடுத்தே கடல் ஆழமாதலால் அக்காலத்தில் துறைமுகம் அமைக்க இயலவில்லை. கரையினின்று கடலின் மேல் நீண்ட பெரிய இரும்புக் கைகளின் வழியே கப்பல்களில் பாஸ்பேட் கொட்டப்பட்டது. ஆஸ்திரேலிய, நியூஸிலாந்து மேய்ச்சல் நிலங்களும் கோதுமை வயல்களும் இதனால் செழித்தன. நிலத்துக்குரியவர்களுக்கோ ஆரம்பத்தில் டன் ஒன்றுக்கு அரைப் பென்னியே கிடைத்தது.

நஷ்டம்

பாஸ்பேட் மண்ணை எடுத்தபின் எஞ்சியது கூரிய பவளத் தூண்களும் அவற்றிடையே ஆழ்ந்த குழிகளுமே. அங்கே ஏர் செல்லாது; மனிதர் நடப்பதும் அரிது. 1960-ம் ஆண்டுகளில் மக்கள் அனைவரையும் குவீன்ஸ்லாந்தைச் சார்ந்த கர்ட்டிஸ் தீவிற்குக் குடியேற்ற யோசனை கூறப்பட்டது. தம் இனம் கலைந்து போகும் என்று அஞ்சி அவர்கள் அதனை மறுத்தனர்.

1968 ஜனவரி 31-ல் நௌரு சுதந்திரம் பெற்றது. 1970-ல் பாஸ்பேட் தொழிலும் அதன் வசமாயிற்று. சில காலம் பணம் வெள்ளமெனப் பெருகியது. 1977-ல் மெல்போர்ன் நகரில் வானளாவிய மாளிகை ஒன்றும் எழுப்பப்பட்டது. எனினும் மூலதனம் பல வழிகளில் வீணாயிற்று. அம்மாளிகையும் 2004-ல் விற்கப்பட்டது. அதற்குள் மேலெழுந்தவாரியான பாஸ்பேட் பெரும்பாலும் தீர்ந்துவிட்டது. சுதந்திரத்திற்கு முன் பாழ்பட்ட நிலங்களுக்காக நௌரு 1989-ல் சர்வதேச நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தது. 1993-ல் ஏற்பட்ட சமரசத்தின்படி ஆஸ்திரேலியா 10 கோடியே 70 லட்சம் ஆஸ்திரேலிய டாலர் அளிக்க ஒப்புக்கொண்டது. நிலத்தைச் சீர்திருத்தும் வேலை நடைபெறினும், சீர்பட்ட பரப்பு மிகச் சொற்பமே. இன்று அரிசி முதலிய உணவுப் பொருள்கள் கப்பலில் வருகின்றன. குடிநீருக்கும் பெரும்பாலும் கடல்நீரைச் சுத்திகரிக்க வேண்டியுள்ளது. சுற்றியுள்ள கடலில் சூரை மீன் பிடிக்க அயல்நாட்டுக் கப்பல்களுக்கு விதிக்கும் கட்டணம் நாட்டிற்கு ஒரு முக்கிய வருமானமாகும்.

குடியானவர் கவனத்திற்கு

பாஸ்பேட் பாறை மீண்டும் விளையும் பொருளன்று. இந்தியாவிற்குத் தேவையானதில் பெரும்பகுதி வெளிநாடுகளிலிருந்தே வருகின்றது. ஆகவே மண்ணைச் சோதித்து, குறைவுள்ள வயலுக்கு மாத்திரம் வேண்டிய அளவு மணிச்சத்து இடுதல் சிக்கனமாகும். இச்சத்து மண்ணில் இட்ட இடத்தை விட்டு அதிகம் நகர்வதில்லை. ஆதலால் மேலாகத் தூவாமல், கடைசி உழவில் அடியுரமாக வேருக்கு எட்டும்படி இட வேண்டும். தொழு உரத்தையும் எலும்புத் தூளையும் வீணாக்கலாகாது.

இறுதியாக ஒன்று. செங்கல் சூளைக்கென வயலின் மேல்மண்ணை விலைபேசுவோர் பல கிராமங்களிலும் உளர். கிடைக்கும் பணம் ஒரு பருவத்திற்குள் செலவாகி விடும். போன மண்ணோ ஒருவர் ஆயுளில் திரும்பாது. கிராம அதிகாரிகளும் மண்ணை அள்ள அனுமதி கேட்டு வருவோரிடம் இதனை எடுத்துரைத்தல் நலம்.