பாவடியும் களமும்
ஓர் ஒன்றியக் கவுன்சிலரின் ஓராண்டு

கூட்டுறவுச் சங்கத்தின் அங்கத்தினர் எவருக்கும் பொதுக்குழு, தீர்மானம், நடவடிக்கைப் புத்தகம் ஆகியவற்றைப் பற்றிப் புதிதாகச் சொல்லவேண்டியதில்லை. சங்கக் கணக்கில் பத்து ரூபாய் பிசகினாலும் எழுந்து கேட்கிறோம். ஆனால் ஊர்க் கிராம சபை கூடும் நாளில் நம்மில் பலர் தறியை விட்டு இறங்குவதில்லை. வயலை விட்டு வருவதில்லை. இதனால் நேரும் நஷ்டம் எத்தகையது என்பதை, சேலம் மாவட்டத்தில் ஊராட்சி ஒன்றியக் குழு உறுப்பினராக இருந்த ஓர் அம்மையாரின் அனுபவம் எடுத்துக் காட்டுகிறது. அவர் நெசவுக் குடும்பத்தைச் சேர்ந்தவர். நெசவாளர் சங்க அங்கத்தினர். 2023-ஆம் ஆண்டில் தாம் கண்டவற்றை அவர் நம்மிடம் கூறினார்.

கவுன்சிலரின் அதிகாரம் எவ்வளவு?

1958-ஆம் ஆண்டுச் சென்னைப் பஞ்சாயத்துச் சட்டத்தின்படி 1960 முதல் பஞ்சாயத்து யூனியன்கள் அமைந்தபோது, கிராமப் பஞ்சாயத்துத் தலைவர்களே யூனியன் கவுன்சிலில் அமர்ந்தனர். 1994-ஆம் ஆண்டுத் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம் இம்முறையை மாற்றியது. ஏறத்தாழ 5,000 மக்களுக்கு ஒரு வார்டு என வகுத்து, வாக்காளர்களே ஒன்றிய உறுப்பினரை நேரடியாகத் தேர்ந்தெடுக்க வழி செய்தது. பெண்களுக்குப் பாதி இடம் என்பது 2016-இல் சட்டமாயிற்று. நம் அம்மையார் 2019 டிசம்பர்த் தேர்தலில் பெண்கள் வார்டு ஒன்றில் வென்றவர். முதல் கூட்டத்தன்று அவருடைய கணவருக்கும் ஒரு நாற்காலி போட்டிருந்தார்களாம். அவர் வாசலிலேயே நின்றுகொண்டு, "கையெழுத்துப் போடுகிறவர் உள்ளே போயிருக்கிறார்" என்று சொல்லிவிட்டார்.

கவுன்சிலர் என்றால் எல்லாம் முடியும் என்று மக்கள் எண்ணுகின்றனர். உண்மை வேறு. ஊருக்குள் இருக்கும் தெருவும் விளக்கும் ஊராட்சியின் பொறுப்பு. ஊரையும் ஊரையும் இணைக்கும் ஒன்றியச் சாலை ஒன்றியத்தைச் சேர்ந்தது. பெரிய சாலை நெடுஞ்சாலைத் துறைக்கு உரியது. 40 ஹெக்டேருக்குக் குறைந்த ஆயக்கட்டுடைய ஏரி ஒன்றியத்தின் பொறுப்பு. அதற்கு மேற்பட்டது நீர்வளத் துறையின் கையில். நிலம் யாருடையது என்ற கேள்வி எழுந்தாலோ வருவாய்த் துறையிடம் போகவேண்டும். "எந்தக் கதவைத் தட்டுவது என்று கற்பதற்கே எனக்கு இரண்டு ஆண்டுகள் ஆயின" என்கிறார் அம்மையார்.

ஜனவரியில் நேர்ந்த பிழை

அவருடைய வார்டில் மூன்று ஊராட்சிகள். அவற்றுள் ஒன்றில் நெசவாளர் ஊரும், அரை மைல் தள்ளி விவசாயிகளின் குக்கிராமமும் உள்ளன. நெசவாளர் ஊரின் நடுவே பாவடி இருக்கிறது. விடியற்காலையில் பாவை நீளமாக விரித்து, கஞ்சி தோய்த்து, இழை பிரித்து உலர்த்தும் பொது வெளி அது. வீட்டுக்குள் தறி எத்தனை இருந்தாலும், பாவு நீட்ட இடமில்லையேல் அத்தனையும் நின்றுபோகும்.

விவசாயிகளின் குறையும் சிறியதன்று. நிலக்கடலையையும் சோளத்தையும் காயவைக்க நல்ல களம் இல்லாமையால் அவர்கள் தார்ச்சாலையில் கொட்டினர். வண்டிச் சக்கரம் ஏறித் தானியம் நசுங்கியது; சாலையில் போவோருக்கும் ஆபத்து.

ஜனவரி 26 அன்று கிராம சபை கூடியது. 501 முதல் 3,000 வரை மக்கள்தொகையுள்ள ஊராட்சியில் கிராம சபைக்கு 100 பேர் வந்தால் போதும். கலியாணச் சேலைகளுக்கு அவசரமான காலமாதலால் நெசவாளர் எவரும் போகவில்லை. விவசாயிகள் திரண்டு வந்தனர். "பாவடியில் சிமெண்டு உலர்களம் அமைக்கவேண்டும்" என்று தீர்மானம் நிறைவேறியது. அதில் சூழ்ச்சி ஏதும் இல்லை. காலை ஒன்பது மணிக்குமேல் வெறுமையாகக் கிடக்கும் இடம் என்றே அவர்கள் எண்ணினர். பாவுக்குக் குச்சி ஊன்ற மண்தரை வேண்டும், சிமெண்டில் ஊன்ற முடியாது என்று எடுத்துச் சொல்ல அங்கே ஒருவரும் இல்லை.

அந்தத் தீர்மானம் நிதி கோரி ஒன்றியக் குழுவுக்கு வந்தது. நிலப் பதிவேட்டைப் பார்க்கும்வரை இதை ஒத்திவைக்க வேண்டும் என்று அம்மையார் கேட்டார். குழு இசைந்தது. ஆனால் மறுநாளே, "தன் தெருவுக்காகப் பேசிவிட்டார்" என்ற சொல் விவசாயிகளிடையே பரவியது. அவர்களும் வாக்களித்துத்தான் அவர் வென்றார். "அந்தச் சொல்தான் என்னை அலுவலகம் அலுவலகமாக நடக்கவைத்தது" என்றார் நம்மிடம்.

பதிவேடு காட்டிய வழி

கிராம நிர்வாக அலுவலரிடமும் வட்டாட்சியர் அலுவலகத்திலும் 'அ' பதிவேட்டையும் புலப்படத்தையும் பார்த்தபோது, விவசாயிகளின் குக்கிராமத்துக்கு அருகிலேயே களம் புறம்போக்கு என்று ஒரு நிலம் பதிவாகியிருந்தது. பாட்டனார் காலத்தில் போரடித்த இடம். பிற்காலத்தில் சீமைக் கருவேலம் மண்டி, ஒரு பக்கம் வைக்கோற்போரும் ஏறி, களம் என்பதே மறந்துபோயிருந்தது.

மே 1 கிராம சபைக்கு அவர் இரு ஊர்களிலும் வீடு வீடாகச் சென்று அழைத்தார். அன்று நெசவாளர்கள் பாவை முன்னிரவே ஒதுக்கிவைத்துவிட்டு வந்தனர். முதியவர் ஒருவர் எழுந்து, "அம்மணி, அவர்களுக்குக் களம் வேண்டும். நாங்கள் வேண்டாம் என்று சொல்லவில்லை. பாவடி போனால் எங்கள் சோறு போகும்" என்றார். விவசாயி ஒருவர், "எங்கள் ஊர்ப் பக்கமே இடம் இருக்கும்போது அரை மைல் மூட்டை சுமப்பானேன்?" என்றார். ஜனவரித் தீர்மானம் மாற்றப்பட்டது. வைக்கோற்போர் வைத்திருந்தவர் சபை நடுவிலேயே அகற்ற ஒப்புக்கொண்டார். ஆகஸ்டுக்குள் முள் வெட்டப்பட்டது, மதிப்பீடு தயாராயிற்று, டிசம்பர் இறுதியில் களம் முடிந்தது.

நிறைவேறாத காரியம்

எல்லாம் வெற்றி என்று எழுதினால் அது முழு உண்மையாகாது. அதே வார்டில் ஒன்றியத்துக்குரிய சிறிய ஏரியின் மதகு பழுதுற்றிருந்தது. அதற்கும் அவர் தீர்மானம் கொண்டுவந்தார். அக்குழுவில் பொதுநிதியை வார்டுகளுக்குச் சமமாகப் பங்கிடுவது வழக்கம். அவருடைய வார்டின் பங்கைக் களம் எடுத்துக்கொண்டது. வடகிழக்குப் பருவமழையில் ஏரிக்கு வந்த நீர் மதகின் வழியே கசிந்து வீணாயிற்று. "களத்தில் காயவைக்க விளைச்சல் எங்கே, கவுன்சிலரம்மா?" என்று ஒருவர் கேட்டதற்கு அவரிடம் விடை இல்லை. அமர்வுப்படிக்கு மேல் ஊதியமில்லாத அப்பதவியில் இவ்வகைக் கேள்விகளே மிகுதியாகக் கிடைத்தன என்று சிரித்துக்கொண்டே சொன்னார்.

நம் கடமை

2025 ஜனவரி 5-ஆம் நாளோடு அக்குழுவின் ஐந்தாண்டுக் காலம் முடிந்து, தனி அலுவலர்கள் பொறுப்பேற்றனர். உறுப்பினர் போனாலும் நடவடிக்கைப் புத்தகம் போவதில்லை. மதகைப் பற்றிய தீர்மானம் அதில் எண்ணும் தேதியும் இட்டு இருக்கிறது. அதை எடுத்துக் கேட்க ஆள் வேண்டும்.

குடியரசு நாள், உலகத் தண்ணீர் நாளான மார்ச் 22, தொழிலாளர் நாள், சுதந்திர நாள், காந்தியடிகள் பிறந்த நாள், உள்ளாட்சி நாளான நவம்பர் 1 என ஆண்டுக்கு ஆறு முறை கிராம சபை கூட்டவேண்டும் என்று வகுக்கப்பட்டுள்ளது. ஊர் வாக்காளர் ஒவ்வொருவரும் அச்சபையின் உறுப்பினரே. பங்குத் தொகை கூடக் கட்டவேண்டியதில்லை. ஆண்டில் ஆறு காலைப்பொழுது தறி நிற்பது சிறு நஷ்டமே. நாம் போகாத ஒரு காலையில் பாவடியே போகவிருந்தது என்பதை அங்கத்தினர்கள் நினைவிற் கொள்வார்களாக.