டாக்டர்கள் நாலு பேர், நோயாளி ஒருவர்!
இவர்கள் ஒருவரோடு ஒருவர் பேசிக் கொள்கிறார்களா? அளந்து பார்க்க 20 கேள்விகள்

மும்பை மாநகராட்சி ஆஸ்பத்திரிக்குப் போய் வரும் தமிழர்களுக்கு "கேஸ் பேப்பர்" பற்றிச் சொல்லித் தர வேண்டியதில்லை. காலையில் வரிசையில் நின்று வாங்கும் அந்தத் தாளில்தான் நோயாளியின் சரித்திரமே இருக்கிறது. தாள் தொலைந்தால் சரித்திரமும் தொலைந்தது. அதனால் அதைப் பிளாஸ்டிக் பையில் போட்டு, ரேஷன் கார்டுக்குப் பக்கத்தில் பத்திரமாக வைத்திருக்கிறார்கள்.

காய்ச்சல், வயிற்றுவலி என்றால் ஒரு டாக்டர், மூன்று நாள் மருந்து, அத்தோடு சரி. சர்க்கரை வியாதி, ரத்தக்கொதிப்பு, இருதய நோய், சிறுநீரகக் கோளாறு ஆகியவை அப்படி அல்ல. வந்தால் ஆயுள் முழுவதும் கூடவே இருப்பவை. ஒன்று வந்தால் இன்னொன்றையும் துணைக்கு அழைத்துக் கொள்பவை.

சென்னை நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனத்தின் டாக்டர்கள் ஆர்.எம்.அஞ்சனா, வி.மோகன் ஆகியோர் முன்னின்று நடத்திய அகில இந்திய ஆய்வு 2023-ம் ஆண்டு வெளியானது. அதன் மதிப்பீட்டின்படி 2021-ல் இந்தியாவில் சர்க்கரை வியாதி உள்ளவர்கள் 10 கோடியே 10 லட்சம் பேர். ரத்தக்கொதிப்பு உள்ளவர்கள் 31 கோடியே 50 லட்சம் பேர்.

நாலு வாசல்

இப்படிப்பட்ட ஒருவர் தாராவியில் இருப்பதாக வைத்துக் கொள்வோம். வயது 55. சர்க்கரைக்கு ஒரு டாக்டரிடம் போகிறார். வருடம் ஒருமுறை கண்ணைப் பார்க்க வேண்டும் என்பதால் கண் டாக்டரிடம் போகிறார். காலில் நீர் கோத்தபோது இன்னொரு டாக்டர் ரத்தக்கொதிப்பு மாத்திரையோடு நீர் பிரியும் மாத்திரையும் எழுதினார். மூட்டுவலி தாங்காமல், சந்து முனையில் இருக்கும் டாக்டரிடம் வலி மாத்திரை வாங்கிக் கொண்டார்.

நாலு பேரும் கெட்ட டாக்டர்கள் அல்ல. தனித்தனியே பார்த்தால் ஒவ்வொரு மருந்துக்கும் காரணம் உண்டு. ஆனால் ரத்தக்கொதிப்புக்குத் தரும் சிலவகை மாத்திரைகள், நீர் பிரியும் மாத்திரை, சாதாரண வலி மாத்திரை மூன்றும் ஒரே உடம்பில் சேரும்போது சிறுநீரகம் திடீரென்று பழுதாகும் ஆபத்து உண்டு. இது டாக்டர்களுக்குத் தெரிந்த விஷயம்தான். மூன்றும் சேர்ந்திருக்கிறது என்பதுதான் யாருக்கும் தெரியவில்லை!

தெரிந்தவர் ஒருவர் உண்டு. அவர் நோயாளி. மாத்திரைகள் எல்லாம் அவர் வீட்டுத் தகர டப்பாவில்தான் இருக்கின்றன. ஆனால் அவரை யாரும் கேட்பதில்லை. டாக்டர் இந்தியிலோ மராத்தியிலோ கேட்டாலும், பாதி புரிந்து தலையாட்டிவிட்டு வருகிறவர்கள் நம்மில் எத்தனையோ பேர்.

திருப்தியா என்று கேட்டால்...

ஆஸ்பத்திரிகள் எண்ணாதது இல்லை. எத்தனை படுக்கை, எத்தனை ஊசி, எத்தனை பேருக்குச் சர்க்கரை கட்டுக்குள் வந்தது என்று கணக்கு உண்டு. 2017-ல் மராட்டியம் உள்பட 5 மாநிலங்களில் தொடங்கிய ரத்தக்கொதிப்புக் கட்டுப்பாட்டுத் திட்டத்தில், எத்தனை பேருக்கு ரத்த அழுத்தம் குறைந்தது, யார் மருந்து வாங்க வரவில்லை என்றும் பார்க்கிறார்கள். மெச்சத்தக்க வேலை.

நோயாளியின் கருத்தைக் கேட்கவும் மத்திய அரசு 2016-ல் "மேரா அஸ்பதால்" என்ற ஏற்பாட்டைத் தொடங்கியது. ஆஸ்பத்திரிக்குப் போய் வந்தவரிடம் டெலிபோன் மூலம் "திருப்தியா?" என்று கேட்பது அதன் முறை. திருப்தி இல்லை என்றால் காரணம் சொல்லலாம். சுத்தம் போதாதா, ஊழியர் நடத்தை சரியில்லையா என்று தெரிந்து கொள்ள அது உதவும். ஆனால் அது ஒரு ஆஸ்பத்திரி, ஒரு நாள் பற்றிய கேள்வி. ஒரு வாசலுக்கும் அடுத்த வாசலுக்கும் நடுவே என்ன நடந்தது என்பது அதில் வராது.

தவிர, நம் ஜனங்களிடம் திருப்தியா என்று கேட்டால் என்ன பதில் வரும்? "டாக்டர் தங்கமான மனுஷர்" என்பார்கள். மறுமுறை அதே டாக்டரிடம்தானே போக வேண்டும்!

ஆறு மாதக் கணக்கு

இதற்கு வேறு வழி கண்டவர்கள் அமெரிக்காவில் சிலர். நீண்டகால நோயாளிகளுக்கு வைத்தியம் எப்படி அமைய வேண்டும் என்பதற்கு 1990-களில் சியாட்டில் நகரில் டாக்டர் எட்வர்ட் வாக்னர் ஒரு திட்டம் வகுத்தார். அந்தத் திட்டப்படி வைத்தியம் நடக்கிறதா என்பதை நோயாளியின் வாயாலேயே அறிய, ரஸ்ஸல் கிளாஸ்கோ என்பவரும் வாக்னர் முதலானோரும் 20 கேள்விகள் கொண்ட தாள் ஒன்றைத் தயாரித்து 2005-ல் வெளியிட்டார்கள். முதலில் 283 நோயாளிகளிடம் சோதித்தார்கள்.

இதில் "டாக்டர் நல்லவரா?" என்ற கேள்வியே கிடையாது. கடந்த 6 மாதத்தில் இன்னது நடந்ததா என்பதுதான் கேள்வி. வைத்தியம் பற்றி உங்கள் யோசனையைக் கேட்டார்களா? மருந்தினால் ஏற்படும் தொல்லைகளைக் கேட்டார்களா? செய்ய வேண்டியதை எழுதிக் கொடுத்தார்களா? ஆஸ்பத்திரிக்குப் போய் வந்த பிறகு, எப்படி இருக்கிறீர்கள் என்று விசாரித்தார்களா? கண் டாக்டர் போன்ற வேறு டாக்டர்களிடம் போய் வருவது எப்படி நடக்கிறது என்று கேட்டார்களா? ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5 வரை மார்க். அநேகமாக இல்லவே இல்லை என்றால் 1. பெரும்பாலும் எப்போதும் என்றால் 5.

"இல்லை" என்று சொன்னால் டாக்டரைக் குறை கூறியதாக ஆகாது. கேட்டார்களா, கேட்கவில்லையா, அவ்வளவுதான். கூச்சப்படும் நோயாளியும் வாய் திறக்க இது இடம் கொடுக்கிறது. ஆனால் மார்க் கூடினால் சர்க்கரை குறைந்துவிட்டது என்று அர்த்தம் அல்ல. ரத்தப் பரிசோதனை ஒருபக்கம் இருக்க வேண்டும். இது அதற்குத் துணை.

வளர்ந்த நாடுகளின் பொருளாதார அமைப்பு 2025-ல் இதேபோன்ற பெரிய கணக்கெடுப்பு ஒன்றை வெளியிட்டது. 19 நாடுகளில் 45 வயதைத் தாண்டிய ஒரு லட்சத்துக்கும் அதிகமான பேரிடம் கேட்டார்கள். அந்த 19-ல் இந்தியா இல்லை.

"உங்கள் டாக்டர்" யார்?

அமெரிக்கத் தாளை அப்படியே தமிழில் பெயர்த்தால் போதாது. அதில் "உங்கள் டாக்டர்" என்று வரும். தாராவியிலோ ஆன்டாப் ஹில்லிலோ இருப்பவருக்கு யார் அந்த டாக்டர்? மாநகராட்சி டாக்டரா, சந்து முனை டாக்டரா, சீட்டு இல்லாமலே மாத்திரை கொடுக்கும் மெடிக்கல் ஸ்டோர்க்காரரா? எனவே எத்தனை இடத்தில் மருந்து வாங்குகிறீர்கள் என்பதைத்தான் இங்கே முதலில் கேட்க வேண்டியிருக்கும்.

2021-ல் தொடங்கிய டிஜிட்டல் சுகாதாரத் திட்டத்தில் ஒவ்வொருவருக்கும் 14 இலக்க எண் கொடுக்கிறார்கள். எல்லாச் சீட்டுகளும் ஒரே எண்ணில் சேர்ந்தால் பிளாஸ்டிக் பையின் வேலை குறையும். சேர்ந்த சீட்டுகளை டாக்டர் புரட்டிப் பார்த்தாரா என்பதை நோயாளிதான் சொல்ல வேண்டும்.

கேட்கும் இடமும் முக்கியம். ஆஸ்பத்திரி வரிசையில் கேட்டால் உண்மை வராது. மும்பையில் வீடு வீடாக வரும் ஆரோக்ய சேவிகாக்கள் இருக்கிறார்கள். அவர்கள் கையில் தமிழ்த் தாள் ஒன்றைக் கொடுக்கலாம். தமிழ்ப் பள்ளிக்கூடங்கள் நடத்தி, தமிழில் பரீட்சைத் தாள் அச்சடிக்கும் மாநகராட்சிக்கு இது பெரிய செலவு அல்ல.

வெளிமாநிலத் தமிழர்களுக்கென்று ஒரு கேள்வியைக் கூடுதலாகச் சேர்க்கவும் நியாயம் உண்டு. கோடை விடுமுறைக்கும் கோயில் கொடைக்கும் ஊருக்குப் போனால் ஒரு மாதம் தங்கிவிடுகிறோம். தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் தொடங்கிய "மக்களைத் தேடி மருத்துவம்" திட்டத்தில், ஊரில் இருக்கும் அண்ணனுக்கு மாத்திரை வீடு தேடி வருகிறது. மும்பையிலிருந்து போன தம்பியின் கையில் இருக்கும் மாத்திரையோ பத்தாம் நாள் தீர்ந்து போகிறது. கேஸ் பேப்பர் மும்பையிலேயே இருக்கிறது. ஊர் டாக்டர் முதலிலிருந்து ஆரம்பிக்கிறார்.

"ஊருக்குப் போகும் நாட்களுக்கு மாத்திரை எவ்வளவு வேண்டும் என்று கடந்த 6 மாதத்தில் யாராவது உங்களைக் கேட்டார்களா?" ரெயில் டிக்கெட்டை 60 நாளுக்கு முன்பே பதிவு செய்கிறவர்கள் நாம். இந்தக் கேள்வியை அந்தச் சமயத்திலேயே கேட்டால் மாத்திரைக்கும் ஏற்பாடு செய்ய நேரம் இருக்கும்.