கயாக்கில் சால்மன் பிடிக்கப் புறப்படுவோர் கவனத்திற்கு

கனடாவின் மேற்குக் கரையில், வான்கூவர் தீவை ஒட்டிய கடற்பரப்பிலே, கோடையின் பிற்பகுதி தொடங்கி இலையுதிர்காலம் வரையில், கயாக் என்னும் ஒடுங்கிய சிறு படகில் அமர்ந்து, ரோமத்தாலும் இறகாலும் சிறுமீனின் சாயலில் கட்டிய ஃப்ளையை வீசிச் சால்மன் பிடிப்பது உத்தமமான பொழுதுபோக்கு என்பதில் எவருக்கும் ஆட்சேபம் இருக்க முடியாது. ஆனால் அந்த இன்பத்தை நாடிச் செல்லும் நம்மவர்களிடம் திரும்பத் திரும்பக் காணும் சில பிழைகளைப் பார்த்துக்கொண்டு வாளாவிருக்கவும் முடியவில்லை. டொராண்டோவிலிருந்து விடுமுறைக்கு வந்தவர், ஒண்டாரியோ மாகாணத்து மீன்பிடி லைசென்ஸைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு பசிபிக் கடலில் தூண்டில் வீசுகிறார். மற்றொருவர், லைஃப் ஜாக்கெட்டைப் படகின் பின்புறத்தில் ரப்பர்க் கயிற்றால் கட்டிவிட்டு, வெறும் சட்டையோடு துடுப்புப் போடுகிறார். வேறொருவர், தாம் பிடித்தது கோஹோ என்னும் சால்மன் வகை என்றே நம்பி, வைத்துக்கொள்ள அனுமதியில்லாத சினூக் என்னும் வகையைக் கரைக்குக் கொண்டுவந்து அதிகாரியின் முன் விழிக்கிறார். மூவரும் சொல்லும் சமாதானம் ஒன்றே: "எஞ்சின்கூட இல்லாத சின்னப் படகுதானே!" எஞ்சின் இல்லை என்பதற்காகச் சட்டம் விலகுவதில்லை; கடலின் குளிரும் விலகுவதில்லை.

துடுப்புப் படகில் சால்மன் பிடிப்பது இக்கரையில் புதிய வழக்கமன்று. காம்ப்பெல் ரிவர் நகரில் 1924-இல் ஏற்பட்ட டயீ சங்கத்தார், எஞ்சினை நாடாமல், துடுப்பு வலிக்கும் படகிலிருந்தே 30 பவுண்டும் அதற்கு மேலும் எடையுள்ள சினூக்கைப் பிடிப்பதை மரபாகப் போற்றி வருகிறார்கள். அம்மரபுக்குள் நுழைய விரும்புவோர் முதலில் அறியவேண்டியது லைசென்ஸ் விவகாரம்.

தூண்டிலைத் தொடுமுன், நீங்கள் நிற்பது கடல்நீரா, ஆற்றுநீரா என்று நிச்சயித்துக்கொள்ளுங்கள். ஏனெனில் இரண்டுக்கும் வெவ்வேறு அரசாங்கம், வெவ்வேறு லைசென்ஸ். ஓதம் ஏறி இறங்கும் கடல்நீருக்கு மத்திய அரசின் மீன்வள, சமுத்திர இலாகா லைசென்ஸ் அளிக்கிறது. அதை இலாகாவின் தேசியப் பொழுதுபோக்கு மீன்பிடி லைசென்ஸ் தளத்தில் வீட்டிலிருந்தபடியே பணம் கட்டிப் பெறலாம். அதன் வருஷம் ஏப்ரல் 1-ஆம் தேதி தொடங்கி மார்ச் 31-ஆம் தேதி முடிகிறது. ஆகவே மார்ச் மாதத்தில் வாங்கிய வருஷ லைசென்ஸ் அம்மாதக் கடைசியிலேயே காலாவதியாகிவிடும். பிடித்த சால்மனை வைத்துக்கொள்ளக் கருதுவோர் சால்மன் பாதுகாப்பு முத்திரை என்னும் தனிக் கட்டணத்தையும் அப்பொழுதே செலுத்தவேண்டும். முத்திரை இல்லாதவர் பிடித்த சால்மனை உயிரோடு விட்டுவிடவே கடமைப்பட்டவர். பதினாறு வயது நிரம்பாத சிறுவருக்கு இந்த லைசென்ஸ் இலவசந்தான், ஆயினும் அவர்களும் அதைப் பெற்றே தீரவேண்டும்.

ஆற்றுக்குள் நுழைந்தால் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தின் லைசென்ஸ் வேண்டும். அதற்கு முன்னதாக மாகாணத்து மீன், வனவிலங்கு அடையாள எண்ணைப் பெறவேண்டும். சால்மனை வைத்துக்கொள்ள அங்கும் தனிக் கட்டணம் உண்டு. இதிலே ஒரு நுட்பம் இருக்கிறது. டொராண்டோவில் குடியிருப்பவர் கடல் லைசென்ஸுக்குக் கனடாவாசியாகக் கருதப்படுகிறார்; ஆற்று லைசென்ஸுக்கோ அவர் வெளிமாகாணத்தார், கூடுதல் கட்டணம் செலுத்தவேண்டியவர். உறவினர் வீட்டு முகவரியைக் கொடுத்து உள்ளூர்க் கட்டணத்தில் லைசென்ஸ் வாங்குவது பொய் வாக்குமூலமாகும். அந்தச் சில டாலர் மிச்சத்துக்கு ஆசைப்படாதீர்கள். ஒண்டாரியோ லைசென்ஸ் இவ்விரண்டில் எதற்கும் செல்லாது.

லைசென்ஸ் கையில் வந்துவிட்டதாலேயே மீனைக் கொண்டுபோக உரிமை வந்துவிடுவதில்லை. கடற்கரை முழுவதும் எண் இட்ட மீன்வளப் பகுதிகளாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. காம்ப்பெல் ரிவரின் கடல் 13-ஆம் பகுதி. புறப்படும் நாளன்று காலையிலே, இலாகாவின் இணையதளத்தில் உங்கள் பகுதி எண்ணுக்குரிய பக்கத்தையும், பருவத்தின் நடுவே வெளியாகும் மீன்பிடி அறிவிப்புகளையும் படியுங்கள். சென்ற ஆண்டு நண்பர் சொன்னதை நம்பாதீர்கள். ஃபிரேசர் நதிச் சினூக்கின் க்ஷீணத்தை முன்னிட்டு 2019 முதல் தென்கரையின் பல இடங்களில் வசந்தத்திலும் கோடையின் முற்பகுதியிலும் சினூக்கை வைத்துக்கொள்ளத் தடை விதிக்கப்பட்டு வருகிறது. பாறைமீன் பாதுகாப்புப் பகுதிகளுக்குள் சால்மனுக்காகக்கூடத் தூண்டில் இறக்கலாகாது. அவற்றின் வரைபடத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

மீனை இனங்காணக் கண்ணைப் பழக்கவேண்டும். சினூக்கின் கீழ்த்தாடையில் பல்லின் அடி ஈறு கறுத்திருக்கும், வாலின் இரு பிரிவிலும் புள்ளிகள் இருக்கும். கோஹோவின் ஈறு வெளுத்திருக்கும், புள்ளிகள் வாலின் மேற்பிரிவிலேயே நிற்கும். கோஹோவிலும், வாலுக்குச் சற்று முன்னே முதுகின்மேல் இருக்கும் சிறு கொழுப்புச் செட்டையைப் பாருங்கள்: அது வெட்டப்பட்டு வடு ஆறியிருந்தால் பொரிப்பகத்தில் வளர்ந்த மீன்; முழுதாக இருந்தால் இயற்கை மீனாகக் கொள்ளவேண்டும், பல இடங்களில் அதை விட்டுவிட வேண்டும். நீளத்தை மூக்கு நுனியிலிருந்து வாலின் கவை வரை அளக்கவேண்டும். சந்தேகம் வந்தால் மீனைத் தண்ணீரிலிருந்து தூக்காமலே விட்டுவிடுங்கள். வைத்துக்கொண்ட சினூக்கை அந்தக் கணமே லைசென்ஸில் பதியவேண்டும்; அச்சுப் படியானால் அழியாத மையால் எழுதவேண்டும். கரைக்குப் போய் எழுதுகிறேன் என்பதை எந்த அதிகாரியும் ஏற்கமாட்டார். ஆகையால் லைசென்ஸின் அச்சுப் படி ஒன்றை ஈரம் புகாத உறையிலிட்டு, பேனாவோடு கொண்டுபோங்கள்.

சால்மனுக்கு எதிர்முள் இல்லாத தூண்டிலே சட்டம். கடையில் வாங்கிய ஃப்ளையின் முள்ளுக்கு உட்புறத்தில் பின்னோக்கி நிற்கும் அந்தச் சிறு முனையைக் குறட்டால் நசுக்கித் தட்டையாக்கி, ஒரு பருத்தித் துணியில் குத்தி இழுத்துப் பாருங்கள். நூல் பிரியாமல் வழுக்கி வந்தால் சரி, ஓர் இழை பற்றினாலும் மறுபடி நசுக்குங்கள்.

இனி படகு. துடுப்புப் படகுக்கும் போக்குவரத்து இலாகா சாமான்களை விதித்திருக்கிறது: கனடா அங்கீகார முத்திரையுள்ள, உடலுக்குப் பொருந்தும் லைஃப் ஜாக்கெட், 15 மீட்டர் மிதக்கும் எறிகயிறு, நீர் இறைக்கும் பாத்திரம் அல்லது பம்பு, ஊதல், அந்திக்குப் பின்னும் மூடுபனியிலும் விளக்கு. கயாக்கில் சிறிய மின்மோட்டாரைப் பொருத்திவிட்டால், படகோட்டும் தகுதி அட்டையும் வேண்டும் என்பதைப் பலர் அறியார். லைஃப் ஜாக்கெட் படகில் இருந்தால் போதும் என்று விதி திருப்தியடைந்துவிடுகிறது, கடல் திருப்தியடையாது. அணியுங்கள்; பின்புறத்தில் கட்டிவைக்காதீர்கள்.

ஏன் இவ்வளவு வற்புறுத்துகிறேன் என்றால், டிஸ்கவரி பாஸேஜ் போன்ற கால்வாய்களின் ஜலம் நடுக்கோடையிலும் ஏறக்குறைய 10 டிகிரி செல்சியஸிலேயே இருக்கிறது. மனிடோபா சர்வகலாசாலையின் குளிர்நீர் ஆராய்ச்சியாளர் கோர்டன் கீஸ்பிரெக்ட் வகுத்த கணக்கு இது: விழுந்த முதல் 1 நிமிஷம் மூச்சைக் கட்டுப்படுத்தும் போராட்டம், அடுத்த 10 நிமிஷந்தான் கைகால் சொன்னபடி கேட்கும், ஏறத்தாழ 1 மணி நேரத்தில் உடல் குளிர்ந்து பிரக்ஞை நீங்கும். முதல் நிமிஷத்தில் தன்னையறியாமல் வாய் திறந்து மூச்சிழுக்கும்போது முகம் நீருக்கு மேலே இருக்குமா என்பதை ஜாக்கெட்டே நிர்ணயிக்கிறது. விழுந்த பிறகு ஜாக்கெட்டைத் தேடி அணிய அந்தக் கை உதவாது. வானிலையையும் ஓத அட்டவணையையும் பாராமல் போகாதீர்கள். அருகிலுள்ள செமூர் நாரோஸில் ஓட்டம் 15 நாட் வேகத்தைத் தொடும், கயாக் அதை எதிர்த்து நகர முடியாது. மடியில் சுருண்டு கிடக்கும் ஃப்ளை நூல், கவிழும்போது காலைப் பின்னிக்கொள்ளும். கைக்கெட்டும் இடத்தில் கத்தி இருக்கட்டும். ஓட்டநீரில் நங்கூரத்தைப் படகின் நடுப்பக்கத்தில் கட்டாதீர்கள்.

கைப்பேசி நனைந்தால் பயனற்றது. நீர்புகாத வி.எச்.எஃப். வானொலியை ஜாக்கெட்டிலேயே மாட்டி, ஆபத்தில் 16-ஆம் சானலில் அழையுங்கள். அதை உபயோகிக்கும் சான்றிதழுக்குரிய பரீட்சையை முன்கூட்டியே எழுதிவிடுங்கள். எங்கே இறங்கி எப்பொழுது திரும்புவீர்கள் என்பதை வீட்டில் எழுதிக் கொடுங்கள். கயாக்கின் உள்ளே உங்கள் பெயரையும் தொலைபேசி எண்ணையும் ஒட்டுங்கள். படகு அடித்துச் செல்லப்பட்டு நீங்கள் கரையேறிவிட்டால், உடனே கடலோரக் காவற்படைக்குத் தெரிவியுங்கள். ஆளில்லாமல் மிதக்கும் கயாக்கைக் கண்டவுடன், விழுந்தவரைத் தேடி மீட்புப் படகுகள் புறப்பட்டுவிடும்.

மீன்வள அதிகாரி உங்களைச் சோதிக்க உரிமையுடையவர். லைசென்ஸையும் மீனையும் காட்டுங்கள், வாதாடாதீர்கள். அபராதச் சீட்டு அநியாயம் என்று தோன்றினால் கோபத்தில் உடனே பணத்தைக் கட்டிவிடாதீர்கள்; கட்டுவது குற்றத்தை ஒப்புக்கொள்வதாகும். சீட்டில் குறித்த கெடுவுக்குள், அதில் சொல்லியுள்ள முகவரிக்கு எழுத்து மூலம் ஆட்சேபம் அனுப்புங்கள். அன்றைய அறிவிப்பின் பிரதி, மீனை அளவுகோலோடு எடுத்த புகைப்படம், லைசென்ஸ் ஆகியவற்றைச் சேர்த்து வையுங்கள். தூண்டிலோ படகோ பறிமுதலானால் ரசீது கேட்டு வாங்குங்கள். பிறர் விதிமீறக் கண்டால் இலாகாவின் 1-800-465-4336 எண்ணுக்குத் தெரிவிக்கலாம்.

இலாகாக்காரர்களுக்கும் சொல்லவேண்டியது உண்டு. ஒரு நாள் மீன்பிடிக்க ஒரு பிரஜை மூன்று இலாகாக்களின் விதிகளைத் தேடித் திரட்டவேண்டியிருப்பதும், ஆற்றெல்லைப் பலகை புதருக்குள் மறைந்து நிற்பதும், அறிவிப்புகள் சட்ட வல்லுநருக்கே விளங்கும் நடையில் வெளியாவதும் நியாயமல்ல. படகிறங்கு துறைதோறும் அன்றைய விதியை ஒரு பலகையில் எளிய மொழியில் எழுதிவைக்க என்ன தடை? அவர்கள் அதைச் செய்யும்வரையில், படிக்கவேண்டிய பொறுப்பு நம்முடையது. லைசென்ஸ் வாங்குங்கள், முத்திரை வாங்குங்கள், அறிவிப்பைப் படியுங்கள், ஜாக்கெட்டை அணியுங்கள். கடைசியாகச் சொன்னதை மறந்தால் முந்திய மூன்றும் உங்களைக் காப்பாற்ற மாட்டா.