மலைப்பாதையும் டர்போவும்

சேலத்திலிருந்து சேர்வராயன் மலைமீதுள்ள ஏற்காட்டிற்குச் செல்லும் நாம் 20 கொண்டை ஊசி வளைவுகளைக் கடக்கின்றோம். டீசல் கார் ஓட்டுவோர் பலர் தம் எஞ்சினைக் குறைகூறத் தொடங்குவது இவ்வளைவுகளில்தான். பெரிய டர்போ பொருத்தினால் குறை தீரும் என்பது அவர்தம் எண்ணம். அது சரிதானா எனக் காண்போம்.

டர்போ என்பது ஒரே தண்டின் இரு முனைகளில் அமைந்த இரு சக்கரங்களே. எஞ்சினிலிருந்து வெளியேறும் சூடான புகை ஒன்றைச் சுழற்ற, மற்றது வெளிக்காற்றை இழுத்து அமுக்கி எஞ்சினுக்குள் செலுத்துகிறது. காற்று மிகுந்தால் கூடுதல் டீசலை எரிக்கலாம், ஆற்றல் பெருகும். வீணாகும் புகையை வேலை வாங்கும் இவ்வுத்திக்கு ஸ்விட்சர்லாந்துப் பொறியாளர் ஆல்பிரட் பூச்சி 1905ஆம் ஆண்டிலேயே காப்புரிமை பெற்றார்.

வளைவில் வண்டி தளர்வது ஏன்? வேகம் குறைய, எஞ்சினின் சுற்றும் குறைகிறது; புகையின் விசை தணிந்து சக்கரம் சோர்கிறது. மீண்டும் மிதித்தாலும் அது விழித்தெழச் சற்று நேரமாகும். பெரிய டர்போவின் சக்கரமோ கனமானது. அது எழ இன்னும் நேரமாகும். சமவெளி நெடுஞ்சாலையில் விரைய அது உதவலாம். எதிரே பேருந்து இறங்கிவரும் வளைவில் உதவாது. பலர் பணம் செலவிட்ட பின்னரே இதனை அறிகின்றனர்!

மாருதி ஸ்விப்ட் காரில் 2007இல் வந்த 1248 சி.சி. டீசல் எஞ்சின் 75 குதிரைத்திறன் உடையது. அதே எஞ்சின் 2011இல் எஸ்.எக்ஸ்.4 காரில் 90 குதிரைத்திறன் தந்தது. அங்கிருந்தது அசையும் இதழ்கள் கொண்ட டர்போ. சுற்று குறைகையில் இதழ்கள் நெருங்கிப் புகையின் வழியைக் குறுக்கும். குறுகிய மடையில் நீர் விரைவதுபோல் புகை விரைந்து சக்கரத்தைத் தள்ளும். மலைக்கு ஏற்ற மேம்பாடு இவ்வகையே. எனினும் டர்போவை மட்டும் மாற்றினால் போதாது. அதனை இயக்கும் மின்னணுக் கட்டுப்பாடும் டீசல் அளவும் அதற்கேற்ப மாற வேண்டும். கிளட்சும் தாங்க வேண்டும்.

உயரத்தையும் மறத்தலாகாது. கடல்மட்டத்திற்கு மேல் ஏறத்தாழ 1500 மீட்டரிலுள்ள ஏற்காட்டில் காற்றின் அடர்த்தி கடலோரத்தைவிட ஏழில் ஒரு பங்களவு குறைவு. அதே அழுத்தத்தைத் தர, நிமிடத்திற்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேல் சுழலவல்ல அத்தண்டு இன்னும் விரைந்து சுழல வேண்டும். சேலத்திலேயே எல்லைவரை முடுக்கி அமைத்தால் மலைமேல் எல்லை மீறக்கூடும்.

சட்டமும் குறுக்கே நிற்கிறது. உற்பத்தியாளர் வகுத்ததற்கு முரணாக வண்டியை மாற்றுவதை மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு தடுக்கிறது. 2019இல் உச்ச நீதிமன்றமும் இதனை வலியுறுத்தியது.

ஆகவே முதலில் காற்று வடிகட்டியையும் ரப்பர் குழாய்களையும் பார்ப்பது நலம். குழாய்க் கசிவைக் கண்டு ‘டர்போ போயிற்று’ என முடிவு கட்டியோரும் உளர். வளைவுக்கு முன்பே கியரைக் குறைத்தால் சக்கரம் சோராது. ஏறி முடித்து ஏரிக்கரையில் நிறுத்தியதும் எஞ்சினை உடனே அணைக்காமல் ஓரிரு நிமிடம் மெல்ல ஓடவிட வேண்டும். இல்லையேல் ஓட்டம் நின்ற எண்ணெய் சூடான பேரிங்கில் கருகிப் படியும்.