எட்டு மணி நேரத்துக்கு மேல்

தை 5 அன்று தென்பெண்ணையில் அண்ணாமலையாருக்குத் தீர்த்தவாரி. அதைப் பார்க்கச் சென்னையிலிருந்து மணலூர்பேட்டைக்கு வரும் பிள்ளைகள் டீக்கடையில் உட்கார்ந்ததும் பேச்சு ஆபீஸுக்குப் போய்விடும். ராத்திரியிலும் வாட்ஸ்அப்பில் வேலை சொல்லும் மேனேஜர். வேலையை விட்டுப் போனவர்களுக்குப் பதில் ஆள் எடுக்காமல், அந்தப் பாரத்தையும் இருப்பவர் தலையில் கட்டும் நிர்வாகம். கடைசியில், “எனக்குத்தான் தாக்குப்பிடிக்கத் தெரியலையாண்ணே?” என்பார்கள். கேட்கவே வேதனையாக இருக்கும்.

இல்லை தம்பி, டீயைக் குடி, சொல்கிறேன். உலக சுகாதார நிறுவனமும் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பும் 2021-இல் ஓர் ஆய்வை வெளியிட்டன. வாரம் 35 முதல் 40 மணி நேரம் உழைப்பவரைவிட, 55 மணி நேரமோ அதற்கு மேலோ உழைப்பவருக்குப் பக்கவாத ஆபத்து 35 சதவீதம் கூடுதல். இதயநோயால் சாகும் ஆபத்து 17 சதவீதம் கூடுதல். உன் உடம்பில் ஒரு குறையும் இல்லை. வேலை நேரம்தான் அளவு மீறிப் போயிருக்கிறது.

அந்த அளவைத் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம் 1947-லேயே எழுதிவிட்டது. ஜவுளிக்கடை மட்டுமல்ல, விளம்பர ஆபீஸ், இன்சூரன்ஸ் கம்பெனி, தொழிற்சாலையின் எழுத்தர் பிரிவு எல்லாம் இதில் அடங்கும். நாளுக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48. ஓவர்டைம் சேர்த்தாலும் நாளுக்கு 10, வாரத்துக்கு 54-ஐத் தாண்டக் கூடாது. கூடுதல் நேரத்துக்கு இரட்டிப்புச் சம்பளம். ஆறு மாதம் தொடர்ந்து வேலை பார்த்தவரை அனுப்ப நியாயமான காரணம் வேண்டும், ஒரு மாத நோட்டீஸோ அதற்கான சம்பளமோ தர வேண்டும். இந்த இரண்டும் இல்லாமல் பொதுவாக அனுப்ப முடியாது. “நாளையிலிருந்து வராதே” என்று மிரட்டுகிறார்களே, அதற்குப் பதில் இங்கேதான் இருக்கிறது.

நிர்வாகப் பொறுப்பில் இருப்பவருக்கு இந்தச் சட்டம் பொருந்தாது. அதனால்தான் சில இடங்களில் சம்பளம் ஏறாமல் பதவியின் பெயர் மட்டும் ஏறுகிறது. விசிட்டிங் கார்டில் மேனேஜர் என்று போட்டால் போதாது. செய்வது என்ன வேலை, ஆளை நியமிக்கவும் லீவு தரவும் அதிகாரம் இருக்கிறதா என்று நீதிமன்றங்கள் கேட்கும். ஆகவே செய்த வேலை, வந்த நேரம், போன நேரம், ராத்திரி வந்த மெசேஜ் எல்லாவற்றையும் உன் சொந்த நோட்டில் தேதியோடு குறித்து வை. தொழிலாளர் துறைக்குப் புகார் கொண்டுபோகும்போது அதுதான் பேசும்.

எதிர்த்துப் பேசிப் பயனில்லை என்று நினைக்காதே. 2023 ஏப்ரல் 21-இல் சட்டமன்றத்தில் தொழிற்சாலைகளுக்கு 12 மணி நேர வேலைக்கு வழிவிடும் மசோதா நிறைவேறியது. வாரத்துக்கு 48 மணி நேரம் மாறாது என்று அரசு சொல்லியும் தொழிற்சங்கங்கள் ஏற்கவில்லை. கூட்டணிக் கட்சிகளும் எதிர்த்தன. மே 1 அன்று முதலமைச்சர் அதைத் திரும்பப் பெறுவதாக அறிவித்தார்.

நிர்வாகப் பதவிக்கான விலக்கு போல இன்னொரு ஓட்டையும் இருக்கிறது. அலைந்து திரிந்து பார்க்கும் வேலைக்கும் 1947 சட்டம் விலக்கு கொடுத்துவிட்டது. பைக்கில் ஊர் ஊராகத் தவணை வசூலிக்கும் நம் பையன்களுக்கு இந்த 8 மணி நேரக் கணக்கு கிடையாது. வெயிலில் அலைபவனுக்கு இல்லாத வரம்பு ஃபேனுக்கடியில் உட்காருபவனுக்கு மட்டும் ஏன்? அந்த விலக்கை எடுக்கச் சொல்லித்தான் அடுத்து நாம் கேட்க வேண்டும்.